எங்கள் பட்டறையில் நடக்கும் சுரண்டல் பற்றிச் சம்பந்திக்கு

அன்பும் பண்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு, மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான், என் வீட்டம்மா, தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமானவர், தங்கள் மருமகளும் என் மகளுமானவள் ஆகிய அனைவரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எழுதியிருக்கிறேன்; அதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் இரு குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்ட நாளிலிருந்து தங்களிடம் நான் ஒரு குறையும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று தங்கள் சித்தப்பா நான் செய்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கால் ஆடுகிறது, கால் ஆடுகிறது என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை. ஆடியது நாற்காலியின் கால் அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் இன்று குறை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சிக் கட்டுரையை முடிக்க மாப்பிள்ளைக்கு அமைதியான இடம் வேண்டும் என்று தாங்கள் எழுதியபோது, பட்டறைக்கு மேலே இருக்கும் மாடி அறையை நானே காலி செய்து, வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொக்கியும் போட்டுக் கொடுத்தேன். கீழே பழைய நாற்காலிகளைப் பிரித்து, அறுத்து, ஆணியடித்துப் புதிதாக்கும் பட்டறை. பொழுதுக்கும் டொக்கு டொக்கென்று சத்தம். இதற்கு மேலே உட்கார்ந்துகொண்டு இங்கே எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் என்ன சத்தம் இருந்திருக்கும் என்று யோசித்தேன்; மரியாதை கருதித் தங்களிடம் கேட்கவில்லை. ஆராய்ச்சி எதைப் பற்றி என்று விசாரித்தேன். சோஷலிசத்தைப் பற்றி அறிஞர்கள் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் முதலாளித்துவத்துக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி என்றார். நல்ல விஷயம், யாருக்கும் தொந்தரவில்லாத விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். அறிஞர்கள் எங்கேயோ இருப்பவர்கள், சோஷலிசம் இன்னும் வந்து சேராதது, முதலாளித்துவம் பெரிய பெரிய ஆலைகளில் இருப்பது. இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக என் பட்டறைக்குள் வந்து உட்காரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பட்டறையில் என்னைத் தவிர மூன்று பேர். மரத்தை இழைத்து ஒட்டுகிறவர் ஒருவர். பசைக்காரர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் அக்கா ஒருவர். மூன்றாவது ஆள் பழைய வார்னிஷை எடுப்பவர். பழையதைச் சுரண்டி எடுக்காமல் புதிதாக அடித்தால் மழைக்காலத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும். சுரண்டுவதற்கென்று தகட்டில் கைப்பிடி போட்ட கருவி ஒன்று உண்டு. அதன் பெயரே சுரண்டி. அந்த வேலைக்குப் பெயர் சுரண்டல். இவ்வளவு காலமாக நாங்கள் வாய் கூசாமல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், வேறு பெயர் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பல்லுக்கு அல்ல, அவருடைய நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளைப் புதுப்பித்துத் தரச் சொல்லியிருந்தார், எடுத்துவரப் போனேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை செல்போனில் பதிவைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து சுரண்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பதிவைப் பிற்பாடு நானே கேட்டேன், ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"இங்க சுரண்டல் நடக்குதுங்களா?"

"நடக்குதாவா? பொழுது விடிஞ்சா பொழுது போனா அதுதான் நடக்குது, மாப்பிள்ளை சார்."

"எவ்வளவு காலமா?"

"நான் சேர்ந்த நாள்லேருந்து. எனக்கு முன்னாடி முதலாளியே சுரண்டிட்டிருந்தாரு. அவரு சுரண்டினா அவ்வளவு சுத்தமா இருக்கும், ஒரு துளி மிச்சம் வைக்க மாட்டாரு. நமக்கு அந்தக் கை வராது சார்."

"உங்களுக்கு வலிக்கலையா?"

"முதல்ல தோள்பட்டை வலிக்கும். அப்புறம் பழகிடும். சுரண்டல் இல்லேன்னா இந்தத் தொழிலே இல்லையே."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டதாம். அப்படியே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். அது அறிஞர்கள் எழுதி அறிஞர்களே படிக்கும் இதழ். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்தால் போதுமாம். வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எங்களை உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். 'உரிமையாளர் தொடக்கத்தில் சுரண்டலைத் தம் கையாலேயே செய்துவந்ததையும், அதில் அவருக்கிருந்த தேர்ச்சியையும் தொழிலாளர் வியப்புடன் நினைவுகூர்கிறார்' என்று ஒரு வரி வந்தது. எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. என் மகள் சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். என் வீட்டம்மா, "நல்லாத்தானே எழுதியிருக்காரு, உங்க கைவேலையப் பத்தி" என்றாள்.

நான் விளக்கிச் சொன்னேன் சம்பந்தி, கத்தவில்லை. "மாப்பிள்ளே, அது வார்னிஷைச் சுரண்டறது" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "மாமா, நீங்க மறுப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உடைமையாளர் எப்பவும் மறுப்பாங்கன்னு ரெண்டாவது அத்தியாயத்துலயே எழுதியிருக்கேன். நீங்க மறுத்ததும் ஒரு சான்றுதான்" என்றார். ஒப்புக்கொண்டாலும் குற்றவாளி, மறுத்தால் சான்று. கட்டுரை எழுதுவதற்கு முந்தின வாரம் ஒரு நாள், இங்கே உபரி எல்லாம் எங்கே போகிறது என்று சாதாரணமாகக் கேட்டார். நானும் சாதாரணமாக, பின்பக்கம் குவித்து வைப்போம், வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று சொல்லியிருந்தேன். அறுத்து மிஞ்சின மரத்துண்டைக் கேட்கிறார் என்று நினைத்தேன். 'உபரி முழுவதும் உரிமையாளரின் குளியலுக்கே செலவாகிறது' என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார். இதைப் படித்தவர்கள் என்னை எப்படிப்பட்ட குளியல்காரன் என்று நினைப்பார்கள்?

மானம் போகிறதே என்றுதான் அடுத்த காரியத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், பட்டறையை எல்லோருக்கும் பொதுவாக நடத்திப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. இதிலும் அறிஞர்களுக்குள் தகராறு உண்டாம். முதலாளித்துவம் இருக்கிற ஊரில் ஒரு பட்டறை மட்டும் தனியாகச் சோஷலிசமாக இருக்க முடியாது என்பது ஒரு கட்சி, சின்னச் சின்னதாகத்தான் தொடங்கும் என்பது இன்னொரு கட்சி. அவர்கள் சண்டையைத் தீர்க்க என் பட்டறை. முதல் வேலையாக என்னை முதலாளி என்று கூப்பிடக் கூடாது, தோழர் என்று கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. சுரண்டுகிறவர் ரொம்ப யோசித்துவிட்டு என்னைத் "தோழர் முதலாளி" என்று கூப்பிட்டார். அடுத்து, எல்லா முடிவும் கை தூக்கித்தான். அன்றைக்கே அவர் வந்து, "தோழர் முதலாளி, நாளைக்கு லீவு வேணும்" என்றார். என்னைக் கேட்காதீங்க, எல்லோரையும் கேளுங்க என்றேன், சற்றுக் குத்தலாகவே. கேட்டார். பசைக்காரர், நானும் அதேதான் கேட்கலாம்னு இருந்தேன் என்று கையைத் தூக்கினார். பிரம்பு அக்காவும் தூக்கினார். மாப்பிள்ளை பார்வையாளர் என்பதால் தூக்கவில்லை. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு என்னுடையது. மறுநாள் பட்டறைக்கு நான் மட்டும் வந்தேன். பல் டாக்டரின் நாற்காலிகள் வரிசையாக நின்றன. அன்று அங்கே நடந்த சுரண்டல் முழுவதும் நானே செய்தது.

அதோடு விட்டதா? ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்தால் மனசு மரத்துவிடும் என்று ஓர் அறிஞர் சொல்லியிருக்கிறாராம். ஆகவே ஆளை மாற்றினார்கள். பசைக்காரர் பிரம்பு பின்னினார். அவர் பின்னினதில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன், உள்ளே போய்விட்டேன். பிரம்பு அக்கா வார்னிஷ் கலந்தார். எண்ணெய் எவ்வளவு விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, என்னைக் கேட்டார். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை குறுக்கே வந்து, அதிகாரம் ஒருத்தர் கையில் குவியக் கூடாது, ஓட்டுக்கு விடுங்கள் என்றார். எண்ணெய் கூட விடலாம் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. வார்னிஷுக்குப் பெரும்பான்மையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது காயவில்லை. இந்த நேரத்தில் பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு, என் நோயாளிகள் எல்லாம் நின்றுகொண்டே பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன ஆச்சு என்று சத்தம் போட்டார். பசைக்காரர் போனை எடுத்து, கொஞ்சம் இருங்க, முதலாளிகிட்ட குடுக்கறேன் என்று என்னிடம் கொடுத்தார். வாரம் முழுக்க அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை, திட்டு வாங்கும்போது மட்டும் சரியாக ஞாபகம் வருகிறது. பட்டறை பொதுவுடைமை, திட்டு மட்டும் தனியுடைமை.

வாரம் முடிந்ததும் மறுபடி கூடினார்கள். பிரம்பு அக்கா எழுந்து, "இது உங்க பட்டறையாவே இருக்கட்டும் முதலாளி. எங்களோடதுன்னு ஆனதுலேருந்து வீட்டுக்குப் போனாலும் வார்னிஷ் காஞ்சுதா காயலையான்னுதான் நெனப்பு ஓடுது, புள்ளைங்க பேசறது காதுல விழமாட்டேங்குது" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பசைக்காரரும், "ஆமா முதலாளி, நீங்க இல்லேன்னா நாங்க யாரத் திட்டறது?" என்றார். அதுவும் ஒரு விதத்தில் நிம்மதிதான். லீவுக்குக் கை தூக்குகிற வழக்கம் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று ஏகமனதாக, நான் நீங்கலாக, முடிவு செய்து கலைந்தார்கள்.

இனி வீட்டு நிலவரம். முதலாளித்துவம் நிற்பதே சமையலறையில் கூலியில்லாமல் நடக்கும் உழைப்பின் மேலேதான் என்று சில அறிஞர்கள், அதுவும் பெண் அறிஞர்கள், எழுதியிருக்கிறார்களாம். இதை மாப்பிள்ளை தன்பாட்டுக்கு மாடியில் வைத்துக்கொள்ளக் கூடாதா? கை அலம்ப வந்த இடத்தில் என் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் கரண்டியை வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். என் ஆயுளில் நான் சொன்ன எதையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில், "சரி, அப்ப சோஷலிசம் வந்தா யாரு சமைப்பாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி போட்டாள். மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவர், "அதுல அறிஞர்களுக்குள்ள இன்னும் கருத்து வேறுபாடு இருக்கு அத்தை" என்றார். "அது தீர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சமைங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் மாப்பிள்ளையும் சமைக்கிறோம் சம்பந்தி. அவர் உருளைக்கிழங்கு சீவினால் தோலோடு பாதிக் கிழங்கு போய்விடுகிறது. உங்கள் வீட்டில் ஒரு வேலையும் பழக்கவில்லை என்று தெரிகிறது, இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவளுக்கும் ஒரு பங்கு வேலை உண்டு என்று நான் சொன்னேன். அவள், நான் பார்வையாளர் என்று சொல்லிவிட்டாள். தொற்று நோய் மாதிரி பரவுகிறது.

இப்படி நான் அடுப்படியில் இருந்த நாளில்தான் அந்த மூன்று பேராசிரியர்களும் வந்து இறங்கினார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு, சுரண்டலை இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற பட்டறை உலகத்தில் வேறெங்கும் இல்லை, நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று வந்திருந்தார்கள். ஒருவர் தாடி வைத்தவர். ஒருவர் ஒல்லி. மூன்றாமவர் ஓர் அம்மையார், கண்ணாடிக்கு மேல் வழியாகவே பார்ப்பவர். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவர்களே பல் டாக்டரின் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்திருங்கள் என்று சொன்னால் மரியாதையில்லை, சொல்லாவிட்டால் இன்னும் மரியாதையில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பேச்சுக் கொடுப்போம் என்று வாயில் வந்ததைக் கேட்டேன். "இந்த உறவு, உறவுன்னு சொல்றீங்களே, சோஷலிசம் முதலாளித்துவத்துக்கு என்ன முறை ஆகணும்?"

கேட்டிருக்கவே கூடாது. தாடி வைத்தவர் உடனே, "மகன் முறை. அதோட வயித்துலதான் பிறக்கும், அது வளர்த்து ஆளாக்கும், கடைசியில அதையே வெளியே அனுப்பிடும். ஆனா முதலாளித்துவம் நல்லா முத்தணும், அதுக்கு முன்னாடி அவசரப்பட்டா குறைப்பிரசவம்" என்றார். எப்போது முத்தும் என்று கேட்டேன். அது வரலாற்றின் கையில் இருக்கிறது என்றார். அம்மையார், "மகனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ரெண்டும் பங்காளிங்க. ஒரே ஆலை, ஒரே புகைபோக்கி, சாவி யாருகிட்ட இருக்கணுங்கறதுலதான் சண்டை. ரெண்டு வீட்டுலயும் ஏவறதுக்கு ஒருத்தன், ஓடறதுக்கு ஒருத்தன். ஒருத்தனுக்கு முதலாளின்னு பேரு, இன்னொருத்தனுக்கு அதிகாரின்னு பேரு" என்றார். ஒல்லியானவர் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர், "நீங்க ரெண்டு பேரும் பழசையே பேசறீங்க. முதலாளித்துவம் தனியா நின்னிருந்தா என்னைக்கோ விழுந்திருக்கும். இலவச ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வயசானா பென்ஷன்னு சோஷலிசம் உள்ள பூந்து முட்டுக் குடுத்துத்தான் அது நிக்குது. அதனால என்னைக் கேட்டா, அது வீட்டோட மாப்பிள்ளை. மாமனார் வீட்டுலயே இருக்கும், அவர் சோத்தையே திங்கும், அவர் செய்யறது எல்லாமே தப்புன்னும் சொல்லும். அவராலயும் அனுப்ப முடியாது, அதுவும் போகாது" என்றார்.

பட்டறையில் உளிச்சத்தம் நின்றுவிட்டது. பசைக்காரர் கூரையைப் பார்த்தார். பிரம்பு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார், நிமிர்ந்த பிறகுதான் காது சிவந்தது. அந்த ஒல்லி மனிதருக்கு நம் வீட்டு விவரம் எதுவும் தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அப்புறம் தாடி வைத்தவர், சரி, சுரண்டலைக் காட்டுங்கள் என்றார். சுரண்டுகிறவர் ரொம்ப மகிழ்ச்சியோடு ஒரு பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சுரண்டியை எடுத்து, சர்ரு சர்ரென்று பழைய வார்னிஷைச் சுரண்டிக் காட்டினார். "இதுதான் சார் சுரண்டல். முதலாளி சுரண்டினா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். மூவரும் பார்த்தார்கள். அம்மையார் மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். திரும்ப முடிந்தது, காயாத வார்னிஷிலிருந்து எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மற்ற இருவரும் முயன்று பார்த்தார்கள். அன்று முழுக்க ஒன்றிலும் ஒத்துப்போகாத மூவரும் கடைசியில் ஒரே நிலைப்பாட்டில் அசையாமல் இருந்தார்கள். சுரண்டுகிறவர்தான் சுரண்டியைப் பதமாக உள்ளே விட்டு ஒவ்வொருவராக விடுவித்தார். ஒல்லியானவரின் கால்சட்டையில் ஒரு பகுதியை எடுக்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு மாப்பிள்ளை சாப்பிட வரவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "மூணாவது அத்தியாயம் போச்சு மாமா" என்றார். சின்னப் பிள்ளை பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பரவாயில்லை மாப்பிள்ளே, வேறு ஏதாவது சுரண்டல் கிடைக்கும் என்றேன். ஆறுதலாகச் சொன்னது அது.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். முடியவில்லை. பேராசிரியர்கள் மூவரும் ஊருக்குப் போய், ஒரு சொல் அறிஞர்களை எங்கே கொண்டு போய் உட்கார வைக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார்களாம். அவர்கள் நடத்தும் மாநாடு அடுத்த மாதம். அதில் ஓர் அமர்வை என் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறார்கள். பெருங்கூட்டம் வருகிறது. முதலாளித்துவத்தின் தரப்பில் நான் பேச வேண்டுமாம். என்னைக் கேட்காமலே நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டார்கள்: 'சுரண்டல்: ஒரு முதலாளியின் செயல்விளக்கம்.' மாப்பிள்ளை பறந்து போய் அதில் ஒரு கட்டு வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்திருக்கிறார். தையற்கடைக்காரர் வாசலில் நின்று, எப்போ செய்யப்போறீங்க என்று கேட்கிறார். பல் டாக்டர், நானும் வருவேன், என் நாற்காலியை அன்றைக்காவது எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். நான் உலகத்திலுள்ள எல்லா முதலாளிகளுக்கும் சேர்த்து எப்படிப் பதில் சொல்வேன்? அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

ஆகையால் சம்பந்தி, தங்களிடம் கையேந்திக் கேட்கிறேன். மாநாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாவிட்டால் அந்த அமர்வும் நடக்காது, எல்லாம் அவர் கைப்பட ஏற்பாடு. சும்மா வா என்றால் வர மாட்டார், கடமை என்றால் ஓடி வருவார். தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். பெரிய வியாதியெல்லாம் வேண்டாம், இருமல் போதும், விடாத இருமல். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியை அங்கே முடிக்கட்டும், சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தங்கமானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்கத்தைப் பெற்றவர் வீட்டில் வைத்துக்கொள்வதுதான் முறை. அறை இருந்தபடியே இருக்கும், எப்போதாவது வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். இந்த ஓர் உதவியைச் செய்தால் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன், தங்கள் சித்தப்பாவுக்கு இலவசமாக ஒரு நாற்காலியும் செய்து அனுப்புகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் மரியாதையைச் சொல்லவும். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், சிறியவர்கள் எல்லோரும் குறைவில்லாமல் வாழ என் ஆசி. யார் பெரியவர், யார் சிறியவர் என்று தாங்களே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடவும், இங்கே இப்போது பிரிப்பது எதுவாக இருந்தாலும் தகராறில் முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, ஒட்டப் பசை கேட்டேன். பசையோடு என் வீட்டம்மா வந்தாள். என்ன எழுதியிருக்கீங்க என்றாள். மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். "சரி. அப்ப பொண்ணோட துணிமணியெல்லாம் எப்ப எடுத்து வைக்கட்டும்?" என்றாள். எதுக்கு என்று கேட்டேன். அவள் பசையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி, இவ்வளவு பக்கம் எழுதினதில் இது எனக்குத் தோன்றவே இல்லை. மாப்பிள்ளை போவார், இவள் இங்கேயே இருப்பாள் என்று எண்ணிக்கொண்டு கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது. கல்யாணம் ஆகிப் போனவள் திரும்பி வந்து இந்த மாடியில் இருக்கிறாள் என்றால் அது மாப்பிள்ளை இங்கே இருப்பதால்தான் என்பதை எப்படி மறந்தேன்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறையில் தலையை நீட்டி, "அப்பா, டீ குடிச்சீங்களா?" என்று கேட்பாள். குடித்திருந்தாலும் இல்லை என்பேன். அந்தக் குரல் இல்லாமல் சாயங்காலம் எப்படி வரும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆகையால் தாங்கள் எழுத வேண்டாம், அழைக்க வேண்டாம், தயவுசெய்து தும்மக்கூட வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குத் தங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? மாடிக்குப் போய் மாப்பிள்ளையிடம் ஆராய்ச்சி முடிய இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று விசாரித்தேன். தொந்தரவாக இருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, சீக்கிரம் முடித்துவிடுகிறேன் மாமா, ஆறு மாதம் போதும் என்றார். "அவசரப்படாதீங்க மாப்பிள்ளே, பெரிய விஷயம். அறிஞர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பாங்க, எல்லாரையும் படிங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.